பிளஸ் ஒன்: பெண்கள் பள்ளியா, ஊர்ப் பள்ளியா?

கோமதி_தென்காசி: மகள் பத்தாவது முடித்துவிட்டாள். எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளி இருபாலர் பள்ளி, நடந்தே போகலாம். டவுனில் இருக்கும் அரசு பெண்கள் பள்ளிக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் பெண்கள் பள்ளிக்குத்தான் அனுப்ப நினைக்கிறேன். பையன்களைப் பார்த்துப் பயந்து இல்லை. நான் படித்த பள்ளியில் கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட்டைப் (சொட்டுச் சொட்டாகக் கரைசலை விடும், அடியில் திருகு உள்ள கண்ணாடிக் குழாய்) பிடிப்பது எப்போதும் பையன்கள், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ரீடிங் எழுதுவது நாங்கள். பொதுத்தேர்வு பிராக்டிகலில் முதல்முறையாகத் தனியாகத் திறந்தேன், வெளிர் ரோஸ் வந்ததும் மூடத் தெரியாமல் குடுவை முழுக்க ஊதாவாகிவிட்டது.

மணிமாறன்: அக்கா, அது அந்த வாத்தியாரின் தப்பு. ஆளுக்கொரு பியூரெட் கொடுத்திருந்தால் முடிந்தது. முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில், எதிர்ப்பை மீறிச் சேர்ந்தவர். சென்னையில் பெண்களுக்கான ராணி மேரி கல்லூரியே 1914-ல்தான் வந்தது, அதற்காகக் காத்திருந்தால் 1912-ல் டாக்டர் ஆகியிருப்பாரா?

வளர்மதி டீச்சர்: அவருக்கு இருந்த துணிச்சலை பதினைந்து வயசுப் பிள்ளைகள் எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது தம்பி. 2024 பிளஸ் டூ முடிவைப் பாருங்கள், பெண்கள் பள்ளிகள் 96.39 சதவீதம், இருபாலர் பள்ளிகள் அதைவிடக் குறைவு.

மணிமாறன்: டீச்சர், இருபாலர் கணக்கில் பையன்களும் சேர்ந்திருக்கிறார்களே, அதனால்தான் குறைகிறது. அதே வருஷம் மாநிலம் முழுக்க மாணவிகளின் தேர்ச்சி 96.44. பெண் பிள்ளைகள் எங்கே படித்தாலும் பாஸ் ஆகிறார்கள், இதில் பெண்கள் பள்ளிக்கு என்ன தனிப் பெருமை?

வளர்மதி டீச்சர்: சரி, அந்தக் கணக்கில் நீங்கள் சொல்வதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு பெஞ்சைத் தூக்குவது, மைக் செட்டுக்கு ஒயர் இழுப்பது, கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாமே பிள்ளைகள்தான், 'இதை ஒரு பையன் செய்யட்டும்' என்று சொல்ல அங்கே பையனே இல்லை. பள்ளித் தலைவி தேர்தலில் நான்கு பேர் போட்டி போட்டுக்கொண்டு பேசுவார்கள். மார்க் ஷீட்டில் இது வராது.

ஜெயந்தி87: எங்கள் தெருவில் மூன்று பேர் பிளஸ் டூ முடித்ததே பெண்கள் பள்ளி இருந்ததால்தான். மணிமாறன், உங்கள் நியாயத்தை என் அப்பாவிடம் சொல்லியிருந்தால் நான் பத்தாவதோடு வீட்டில் இருந்திருப்பேன்.

மணிமாறன்: அந்த அப்பாக்களை மாற்ற வேண்டும், பள்ளியைப் பிரித்துக்கொண்டே போனால் அவர்கள் எப்போது மாறுவார்கள்? ஆனால் இதையும் சொல்ல வேண்டும், நான் படித்தது இருபாலர் பள்ளிதான், பெண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், பேசினால் வெளியே முட்டி போட வேண்டும். இப்போது ஆபீசில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் சந்தேகம் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சேர்ந்து படித்திருந்தால் இது வந்திருக்காது. அப்புறம், முக்கால் மணி நேர பஸ், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் திரும்புவது, அதையும் யோசியுங்கள் அக்கா.

கோமதி_தென்காசி: பஸ் விஷயம் எனக்கும் உறுத்துகிறது தம்பி. திங்கட்கிழமை மகளோடு இரண்டு பள்ளிக்கும் போகிறேன். லேபைத் திறந்து காட்டச் சொல்லி, ஒரு வகுப்புக்கு எத்தனை பியூரெட் என்று அவளையே எண்ணச் சொல்லப் போகிறேன்.