பெரியம்மா சொன்ன பாகு பதம்

நான்: பெரியம்மா, ஒரு சந்தேகம். நேற்று பால்சாமிக் வினிகர் 250 மில்லி ஊற்றி கிளேஸ், அதாவது சாப்பாட்டின்மேல் சொட்டவிடும் கெட்டிப் பாகு, காய்ச்சினேன். அடுப்பில் இருந்தவரை தேன் மாதிரி ஓடியது. ஆறியதும் கமர்கட்டு மாதிரி இறுகிவிட்டது. கரண்டி எழவில்லை.

ஆற்காடு பெரியம்மா: வினிகர் ஊறுகாய்க்கு ஊற்றுவதுதானே கண்ணு? அது எப்படி இறுகும்?

நான்: இது திராட்சையில் செய்வது பெரியம்மா. இத்தாலியில் மோடேனா பக்கம் திராட்சைச் சாற்றையும் ஒயின் வினிகரையும் சேர்த்து மரப்பீப்பாயில் வைத்து எடுப்பார்கள். திராட்சையின் சர்க்கரை அதிலேயே இருக்கிறது. வற்ற வற்றக் கெட்டியாகும்.

ஆற்காடு பெரியம்மா: அப்படியென்றால் அது பாகுதான். எதில் காய்ச்சினாய்? அலுமினியமா?

நான்: எவர்சில்வர்.

ஆற்காடு பெரியம்மா: நல்லது. அலுமினியத்தில் புளிப்பு கூடாது. பித்தளையில்கூட ஈயம் பூசாமல் நாங்கள் புளி வைக்க மாட்டோம். சரி, பதம் சொல்கிறேன் கேள். சட்டியைப் பார்த்து முடிவு பண்ணாதே, சூட்டில் எந்தப் பாகும் இளக்கமாகத்தான் தெரியும். சிம்மில் வைத்து, மூன்றில் ஒரு பங்காக வற்றும்போது தட்டில் ஒரு சொட்டு விடு. ஆறட்டும். விரலால் கோடு போடு. கோடு மூடாமல் நின்றால் உடனே இறக்கிவிடு. அதற்குமேல் அரை நிமிடம்கூட வேண்டாம். நேற்றையதைக் கொட்டிவிடாதே, ஒரு கரண்டி வெந்நீர் விட்டு மெல்லச் சூடு பண்ணினால் இளகும்.

காட்பாடி அண்ணன்: ஜன்னலைத் திறந்து வை. வினிகர் ஆவி தொண்டையைப் பிடிக்கும். அப்புறம், பாட்டிலில் 'டிரடிசியோனாலே' என்று போட்டிருந்தால் அதைக் காய்ச்சக் கூடாது. குறைந்தது 12 வருடம் பீப்பாயில் இருந்து தானாகவே கெட்டியானது அது. இதற்குச் சாதாரண பாட்டிலே போதும்.

நான்: சாதாரணம்தான் அண்ணா. பெரியம்மா, சாயந்திரம் மறுபடி வைத்துப் பார்க்கிறேன்.

(மாலை 6.40)

நான்: பெரியம்மா, வந்துவிட்டது! கோடு அப்படியே நின்றது. 250 மில்லி ஏறக்குறைய 80 மில்லியாக வந்திருக்கிறது. அகலமான சட்டி, அதனால் 20 நிமிடத்துக்குள் முடிந்தது. வெல்லம், தேன் எதுவும் சேர்க்கவில்லை. நேற்றையதும் வெந்நீரில் இளகிவிட்டது.

ஆற்காடு பெரியம்மா: சந்தோஷம் கண்ணு. கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வை.

ஆம்பூர் சித்தப்பா: எதன்மேல் ஊற்றிச் சாப்பிடுவது?

நான்: தக்காளி, பனீர், ஸ்ட்ராபெர்ரி எல்லாவற்றுக்கும் சேரும் சித்தப்பா. எனக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயோடு சாப்பிட ஆசை. வட்டமாக நறுக்கித் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சிவக்க வறுத்து, இறக்கிய பிறகு மேலே சொட்டவிட வேண்டும். பிரியாணிக்கு வைக்கும் கத்திரிக்காயிலும் எண்ணெயும் புளிப்பும்தானே ருசி?

காட்பாடி அண்ணன்: அந்தக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மோடேனா வினிகருக்கும் ஐரோப்பாவில் 2009-லேயே அப்படி ஒன்று உண்டு.

ஆம்பூர் சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரிக்கு வருகிறேன். இரண்டு கிலோ கத்திரிக்காய் என் பொறுப்பு.

ஆற்காடு பெரியம்மா: நானும் வருகிறேன். இன்னொரு முறை என் எதிரில் காய்ச்சு, அந்தச் சொட்டை நானும் பார்க்க வேண்டும்.