இன்ஜினியரிங் சேரும் பெண்ணுக்கு உதவித்தொகை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் இட்லிக்கடை போடும் அக்காவின் மகளுக்காகக் கேட்கிறேன். அப்பா இல்லை. கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளியாக இருந்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்திருந்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டியிருக்கும். தமிழ்வழி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறது. அது படிப்புக் கட்டணத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் என்ன செய்வது?

அகரம் மாதிரி பெரிய இடத்துக்கு எழுதிப் போட்டாயிற்று. நான் தேடுவது உள்ளூர் அறக்கட்டளைகளை. மில்காரர்கள், தீப்பெட்டி ஆலைக்காரர்கள், பழைய மாணவர் சங்கங்கள் நடத்துபவை. இவற்றில் பல விளம்பரமே செய்வதில்லை, தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு.

போன வாரம் அப்படி ஒரு டிரஸ்டுக்குப் போனோம். மரப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, "ஃபாரம் போன மாசமே முடிஞ்சிருச்சேம்மா" என்றார்கள். அக்கா சான்றிதழ்களை ஜவுளிக்கடைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு, மாவாட்ட நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

தூத்துக்குடி, விருதுநகர், நெல்லைப் பக்கம் இன்னும் விண்ணப்பம் வாங்கும் அறக்கட்டளை எதுவும் தெரியுமா? நீங்களோ உங்கள் பிள்ளைகளோ வாங்கியிருந்தால், என்னென்ன கேட்டார்கள், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமா என்றும் சொல்லுங்கள். வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், சேர்க்கை ஆணை எல்லாம் தயார். பணம் கையில் வேண்டாம், நேராகக் கல்லூரிக்கே கட்டினால் போதும்.