14 மணி நேரப் பயணம்: பிரீமியம் எகானமிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு 14 மணி நேர விமானப் பயணம், போகும்போது இரவு, வரும்போது பகல். அம்மாவுக்கு வயது 68, முழங்கால் தேய்மானம். போன முறை எகானமியில் நடு இருக்கையில் வந்தவர், இறங்கும்போது பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல், அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

எகானமியில் வரிசைக்கு வரிசை 31, 32 அங்குலம்தான். எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் உள்ள பிரீமியம் எகானமியில் பெரும்பாலும் 38 இருக்கும், சாய்மானமும் கூடுதல், சில விமானங்களில் காலைத் தாங்கும் பலகையும் உண்டு. ஆனால் படுக்க முடியாது. நீட்டிப் படுக்க வேண்டுமென்றால் பிசினஸ்தான், இருவருக்கும் இரு வழியும் என்றால் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும். அதனால் இரவுப் பயணத்துக்கு மட்டும் பிசினஸ், பகலில் எகானமியில் நடைபாதை ஓர இருக்கை என்று யோசிக்கிறேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும் என்பதால், எதில் போனாலும் அடிக்கடி எழுப்பி நடக்க வைக்கத்தான் வேண்டும். கால் நீட்ட இடம் இருக்கும் அவசர வழி வரிசையை மூட்டு வலி உள்ளவருக்குத் தரமாட்டார்கள், அது சரிதான்.

மூட்டு வலியோடு பிரீமியம் எகானமியில் போனவர்கள் சொல்லுங்கள், அந்த ஆறேழு அங்குலம் முழங்காலுக்கு உண்மையிலேயே நிம்மதி தந்ததா? அப்புறம், எகானமி டிக்கெட் எடுத்துவிட்டு அப்கிரேடுக்கு (மேல் வகுப்புக்கு மாற) ஏலம் கேட்கலாமா, இல்லை இப்போதே வாங்கிவிடுவது நல்லதா? இந்த வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.