சம்ப்புக்கு பாக்டீரியா கான்கிரீட்: யாராவது போட்டிருக்கீங்களா?

திருவான்மியூர்ல கடற்கரையிலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி வீடு. சன்ஷேடுல மயிரிழை விரிசல்தான் இருந்துச்சு. உப்புக்காத்து உள்ள போய் கம்பி துருப்பிடிச்சு உப்பி, போன வாரம் ஒரு பாளமே துளசி மாடத்து மேல விழுந்துடுச்சு. (நல்லவேளை, அம்மா அப்பதான் விளக்கேத்திட்டு உள்ள வந்தாங்க.)

இப்ப புதுசா சம்ப் (தரைக்கடித் தண்ணித் தொட்டி) கட்டணும். நெதர்லாந்துல டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்து ஹென்க் யோங்கர்ஸ் உருவாக்கின கான்கிரீட்ல பேசிலஸ்ங்கற பாக்டீரியாவோட வித்துகளும் கால்சியம் லாக்டேட்டும் கலந்திருக்கும். விரிசல்ல தண்ணி இறங்கினா பாக்டீரியா முழிச்சு, லாக்டேட்டைத் தின்னு சுண்ணாம்புக்கல்லா மாத்தி அடைச்சிடுமாம்.

மேஸ்திரிகிட்ட சொன்னா, "கிருமி கலந்த தொட்டித் தண்ணியையா சார் குடிப்பீங்க?"ன்னு சிரிக்கிறார். நம்ம ஊர்ல இது கிடைக்குதா? இல்ல, கிரிஸ்டலைன் அட்மிக்ஸ்சரே (தண்ணி கசியாம இருக்க கான்கிரீட்ல கலக்கற ரசாயனம்) போதுமா? அடுத்த வாரம் கான்கிரீட் போடறோம். போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க, ப்ளீஸ். டீலர்கள் வேண்டாம்.