ஃபிரெண்ட்ஷிப் பேண்ட் பின்னும் செயலி: வலப்பக்கம் மட்டும் நிறம் மாறி வருகிறது, உதவுங்கள்

கரூர்க்காரி:
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு. வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்துவிட்டதால் ஆகஸ்டில் நண்பர்கள் தினம் முடிந்த கையோடு ஓசூருக்குக் கிளம்புகிறோம். அதற்குள் தன்னுடைய ஐந்து தோழிகளுக்கும் தானே பின்னிய பேண்டைக் கட்டிவிட வேண்டும் என்று இருக்கிறாள். கடையில் வாங்கித் தருகிறேன் என்று சொன்னதற்கு அழுதே விட்டாள், அதனால் நானும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

செல்போனில் ஒரு செயலியை இறக்கி, அதில் வி வடிவ டிசைனை எடுத்தோம். எட்டு நூல்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், திரும்ப நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. இடது பாதி செயலியில் இருக்கிற மாதிரியே வருகிறது. வலது பாதியில் சிவப்புக் கோடு வரவேண்டிய இடத்தில் நடுநடுவே மஞ்சள் புள்ளி விழுகிறது, பேண்டும் ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்கிறது. மூன்று முறை பிரித்துவிட்டோம். செயலியில் தப்பா, எங்கள் கையில் தப்பா?

நூல்பித்து:
அக்கா, மூன்று விஷயம் சொல்லுங்கள். என்ன நூல்? ஒரு முடிச்சுக்கு நூலை எத்தனை தடவை சுற்றி இழுக்கிறீர்கள்? பின்னும்போது நூலை எதில் மாட்டி வைத்திருக்கிறீர்கள்?

கரூர்க்காரி:
வளையல் சுற்றுவதற்கு வாங்கிய சில்க் திரெட் மிச்சம் இருந்தது, அதுதான். இரண்டு தடவை சுற்றுகிறோம், ஆனால் வலப்பக்கம் இவள் சில சமயம் ஒன்றோடு விட்டுவிடுகிறாள். தலைப்பை மகள் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்கிறாள்.

நூல்பித்து:
சில்க் திரெட் வழுக்கும், முடிச்சு நிற்காது. முதலில் அதை மாற்றுங்கள். ஆறு புரி பருத்தி எம்பிராய்டரி நூல் ஃபேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கும், புரி பிரிக்காமல் அப்படியே பின்னலாம். கால் விரலும் வேண்டாம், பிள்ளை அசையும்போதெல்லாம் இழுப்பு மாறும். பரீட்சைக்குக் கொண்டுபோகும் அட்டையின் கிளிப்பில் மாட்டிவிட்டால் ஆடாமல் நிற்கும்.

ஊக்குப்பெட்டி:
நான் நான்கு வருடமாகப் பின்னுகிறேன், நீங்கள் சொல்லும் மஞ்சள் புள்ளி எனக்கும் மாதக்கணக்கில் வந்தது. செயலியில் தப்பு இல்லை. ஆனால் அது காட்டாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சையும் அது ஒரு வட்டமாகப் போட்டு, இந்த முடிச்சு சிவப்பு, அம்புக்குறி இந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும். எந்த நூலை விறைப்பாகப் பிடிக்க வேண்டும் என்று படத்தில் எங்கேயும் தெரியாது. எந்த நூல் விறைப்பாக நிற்கிறதோ அது உள்ளே மறைந்துவிடும், எது அதன்மேல் சுற்றுகிறதோ அதன் நிறம்தான் வெளியே தெரியும். இடது பாதியில் மஞ்சளை விறைப்பாகப் பிடித்து அதன்மேல் சிவப்பைச் சுற்றுகிறீர்கள், சரியாக வருகிறது. வலது பாதிக்கு வந்ததும் கைகளின் வேலை மாற வேண்டும், பழக்கத்தில் மாறாமல் சிவப்பையே இழுத்துப் பிடித்துவிடுகிறோம், உடனே மஞ்சள் புரண்டு மேலே வந்துவிடும்.

வலது ஓரச் சிவப்பை எடுத்து, பக்கத்து மஞ்சளின்மேல் இடப்பக்கமாகப் போடுங்கள். 4 என்ற எண்ணைக் கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். சிவப்பின் நுனியை மஞ்சளுக்கு அடியில் விட்டு அந்த இடைவெளி வழியாக வெளியே எடுத்து, மஞ்சளை நேராக விறைப்பாகப் பிடித்தபடி சிவப்பை மட்டும் மேலே இழுங்கள். இதையே இன்னொரு தடவை செய்தால்தான் ஒரு முடிச்சு. அப்புறம் பச்சையின்மேல், பிறகு நீலத்தின்மேல். இரண்டு பக்கச் சிவப்பும் நடுவில் சந்திக்கும்போது ஒன்றை மற்றொன்றின்மேல் அதேபோல இரட்டை முடிச்சாகப் போட்டுவிடுங்கள், இதை விட்டுவிட்டால் நடுவில் ஓட்டை விழும்.

சுருளுவதும் இதனால்தான். ஒரே திசையில் சாய்கோடாகப் போகும் டிசைன் சுருளுவது இயல்பு, ஆனால் வி டிசைனில் இரண்டு பாதியும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். அது சுருண்டால் ஒரு பாதி மற்றதைவிட இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, முடிச்சுப் போட வீடியோ ஏதாவது பார்த்திருந்தால், அதில் சொல்லிக்கொடுப்பவர் நமக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் அவருடைய இடது நமக்கு வலது. பிள்ளைகள் திரையைப் பார்த்து அப்படியே செய்யும்போது இங்கேதான் குழம்புகிறார்கள்.

மாடிவீட்டுத் தம்பி:
நூல் கணக்கு நான் சொல்கிறேன். ஒரு கட்டு எம்பிராய்டரி நூல் 8 மீட்டர் வரும். சின்னப் பிள்ளைகள் கைக்கு ஒரு நூல் 80 செ.மீ. போதும், அப்போது ஒரு கட்டில் 10 நூல். ஒரு பேண்டுக்கு ஒவ்வொரு நிறத்திலும் 2 நூல் என்பதால், நிறத்துக்கு ஒரு கட்டு வீதம் நான்கே கட்டில் ஐந்து பேண்டும் முடிந்துவிடும். ஆனால் கை பழகும் வரை வீணாகும், ஒரு செட் கூடுதலாகவே வாங்குங்கள். போனில் திரை அணையும் நேரத்தையும் பத்து நிமிடமாக மாற்றி வையுங்கள், முடிச்சை விட்டுவிட்டுத் திரையைத் தட்டப் போனால் இழுப்பு போய்விடும்.

கரூர்க்காரி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். வீடியோவில் அந்தப் பெண் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்! பருத்தி நூல் வாங்கி, பரீட்சை அட்டையில் மாட்டி, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "மஞ்சளைப் பிடி, சிவப்பை இழு" என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான்காவது வியில் இருந்து ஒரு புள்ளிகூட இல்லை. இப்போது நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவளே முணுமுணுத்துக்கொண்டு பின்னுகிறாள். ஒரு பேண்ட் முடிந்தது. முதல் மூன்று வி மட்டும் கோணலாக இருப்பதால் அதை அவளே வைத்துக்கொள்வாளாம். கடைசி முனையை எப்படி முடிப்பது?

ஊக்குப்பெட்டி:
ரொம்பச் சந்தோஷம் அக்கா. எட்டு நூலையும் 3, 3, 2 என்று பிரித்து ஐந்து செ.மீ. நீளத்துக்குச் சடை பின்னி, நுனியில் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். ஆரம்ப முனைக்கும் அப்படியே. பேண்டைத் திருப்பிப் போட்டு, ஈரத்துணி வைத்து லேசாக இஸ்திரி போட்டால் படிந்துவிடும். கோணலாக வந்த அந்த மூன்று வியைப் பிரிக்காதீர்கள்.