ஷெல்டா வகை மொழிகளுக்குக் 'குழூஉமொழி' என்னும் சொல்

அயர்லாந்துப் பயணர் சமூகத்தின் ஷெல்டாவைப் போன்ற மொழிகளைத் தமிழில் குறிக்க 'இரகசிய மொழி' என்பதே போதும் என்ற கருத்து எனக்கு உடன்பாடன்று. ஊர் ஊராகச் சென்று தகரப் பாத்திரங்களைச் செய்தும் செப்பனிட்டும், குதிரை வணிகம் நடத்தியும் வாழ்ந்த அம்மக்கள், பேரம் நடக்கும்போது எதிரில் நிற்பவருக்குப் புரியாதவாறு தம்முள் கலந்துகொள்ள இதைப் பயன்படுத்தினர் என்பது உண்மைதான். ஆனால் அதே மொழியை அவர்கள் தம் குழந்தைகளுக்கு வீட்டிலேயே கற்பித்தும் வந்தனர். மறைப்பை மட்டும் பெயரில் ஏற்றினால், பேசுவோர் ஏதோ குற்றத்தை ஒளிப்பவர் என்ற தோற்றம் உண்டாகிவிடும். 2017-இல் தனி இனக்குழுவாக அயர்லாந்து அரசு ஏற்றுக்கொண்ட ஒரு மக்களுக்கு அது அநீதி. (அவர்களை 'டிங்கர்' என்று அழைப்பதும் இன்று வசையாகிவிட்டதால், 'பயணர்' என்பதையே ஆள்வோம்.)

'மறைமொழி' அழகான சொல். எனினும் 'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப' என்று தொல்காப்பியம் அதனை மந்திரத்திற்கு உரியதாக்கிவிட்டது.

எஞ்சுவது நன்னூலின் 'குழூஉக்குறி'. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் நாம் பள்ளியிலேயே படித்தவை. ஆயினும் குழூஉக்குறி என்பது தனிச்சொல்லின் பெயர். ஷெல்டாவோ, பெரிதும் ஆங்கில இலக்கணத்தின்மேல் ஒரு முழுச் சொற்றொகுதியையே ஏற்றிப் பேசப்படுவது. ஆகவே தனிச்சொல்லைக் குழூஉக்குறி என்றும், அத்தகைய சொற்களால் இயங்கும் மொழியைக் 'குழூஉமொழி' என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. அளபெடையை நீக்கிக் 'குழுமொழி' என்றால் எளிதாகும் என்பர். ஆனால் அது எந்தக் குழுவின் பேச்சுவழக்குக்கும் பொருந்திவிடும். குழூஉக்குறியோடுள்ள உறவும் அறுந்துபோகும்.

சொல்லாக்க முறைக்கும் பெயர் வேண்டும். அயர்லாந்தின் ஐரிய மொழியில் கதவு 'தொரஸ்', ஷெல்டாவில் 'ரோடஸ்'. மகன் 'மக்', ஷெல்டாவில் 'கம்'. சிறுமியைக் குறிக்கும் 'கலீன்' இங்கே 'லாக்கீன்' ஆகிறது. 1876-இல் இம்மொழியை எதிர்கொண்ட அமெரிக்க நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் லேலண்ட் அதனை முதன்முதலாக அறிஞருலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தபின், இப்புரட்டலைக் கண்டுகொண்டு அதன் ஐரிய வேரை நிறுவியவர்கள் மொழி அறிஞர்களான ஜான் சாம்ப்சனும் கூனோ மெயரும். தமிழில் 'விசிறி' 'சிவிறி' ஆவதையும் 'தசை' 'சதை' ஆவதையும் 'எழுத்து நிலைமாறுதல்' என்கிறோம். அது பேச்சில் தானே நிகழ்வது. ஷெல்டாவில் நிகழ்ந்ததோ அறிந்தே செய்தது. எனவே தன்வினையைப் பிறவினையாக்கி, இம்முறையை 'நிலைமாற்றுதல்' என்று குறிக்கலாம். முதலொலியை மட்டும் மாற்றியமைத்த ஷெல்டாச் சொற்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு 'முதலொலித் திரிப்பு' என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

இம்மொழியைப் பற்றித் தமிழில் எழுதும் கட்டுரையின் தலைப்பில் ஷெல்டா என்பதோடு 'கேண்ட்', 'கேமன்' என்ற பெயர்களையும் சேர்க்க வேண்டும். 'ஷெல்டா' என்பது அறிஞர்கள் பரப்பிய பெயர்; பயணர்கள் தம் மொழியைச் சுட்டுவது இவ்விரண்டால்தான்.