சீனப் புத்தாண்டு: பக்கத்து வீட்டில் பார்த்ததும் கேட்டதும்

தோ பாயோ, சிங்கப்பூர்

சிங்க நடனம், சிவப்பு உறை, இரண்டு நாள் விடுமுறை. சீனப் புத்தாண்டைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கிட்டே இருந்து பார்த்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் அடுத்த வீடு ஒரு தியோச்சூ (சீனர்களில் ஒரு பிரிவு) குடும்பம். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும், புத்தாண்டுக்கு அங்கிருந்து அன்னாசி டார்ட் வரும். 2025-ல் புத்தாண்டு ஜனவரி 29 அன்று வந்தது. நமக்கும் அன்றுதான் தை அமாவாசை. முந்தின நாள் மத்தியானம் ஆண்ட்டி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. முன்னோர் படத்துக்கு முன்னால் முழுக்கோழி, சோறு, சின்னச் சின்னக் கோப்பைகளில் தேநீர், ஊதுபத்தி. முன்னோர் சாப்பிட்ட பிறகுதான் ராத்திரி குடும்ப விருந்து என்றார். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் வந்து சேரும் விருந்து அது. அவர்களுக்குப் புத்தாண்டில் அதைவிடப் பெரியது எதுவும் கிடையாது.

மறுநாள் காலை அப்பா கோயிலுக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் பாட்டி படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, இலையில் படையல் வைத்திருந்தோம். ஆண்ட்டி வழக்கம்போல இரண்டு ஆரஞ்சுகளை இரு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். படத்தையும் இலையையும் பார்த்தவர், “உங்களுக்கும் இன்றைக்கா?” என்று கேட்டுவிட்டு, ஆரஞ்சை மேசையில் வைத்து, பாட்டி படத்தைப் பார்த்துக் கைகுவித்து மூன்று முறை குனிந்தார். அம்மா வேறு இரண்டு ஆரஞ்சுகளை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, ஒற்றையாகவும் கொடுக்கக் கூடாது.

இந்த இரட்டைக் கணக்குதான் நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது. ஆண்ட்டியின் பேரனுக்கு அங் பாவ், அதாவது சிவப்பு உறையில் பணம், வைக்கும்போது அம்மா மொய்ப் பழக்கத்தில் 11 வெள்ளி வைக்கப் போனார். நமக்கு அந்த ஒன்று சேர்ந்தால்தான் மங்கலம். சீனர்களுக்கு ஒற்றைப்படை துக்க வீட்டுக்குக் கொடுப்பது, அதையும் வெள்ளை உறையில் கொடுப்பார்கள். அதனால் 10 ஆக மாற்றினோம். நாலும் வேண்டாம், அந்த எண்ணின் ஒலி சாவை நினைவூட்டும் என்று ஒதுக்குகிறார்கள்.

முதல் நாள் அவர்கள் வீட்டில் துடைப்பம் எடுக்க மாட்டார்கள். வந்த அதிர்ஷ்டம் குப்பையோடு போய்விடுமாம். பெருக்குவது, கழுவுவது எல்லாம் ஒரு வாரத்துக்கு முன்பே முடிந்துவிடும். நம் போகிச் சுத்தம் போலத்தான்.

ஜார்ஜ் டவுன், பினாங்கு

எங்கள் ஊரில் முதல் நாளைவிட ஒன்பதாம் நாளுக்குத்தான் மதிப்பு. இங்கே சீனர்களில் ஹொக்கியன் பிரிவு மக்கள் அதிகம். எட்டாம் நாள் நள்ளிரவு தாண்டியதும் வானுலகை ஆளும் தெய்வமான ஜேட் பேரரசருக்குப் பூசை, அவரைத் ‘தீ கோங்’ என்பார்கள். சியூ ஜெட்டியில் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகளுக்கு முன்னால் நீள மேசைகள் போட்டு, முழுப் பன்றி, அன்னாசி, சிவப்பு ஆமை வடிவப் பலகாரம் என்று அடுக்கியிருப்பார்கள். மேசையின் இரு பக்கமும் தோகையோடு முழுக் கரும்பு கட்டி நிற்கும். பொங்கல் கரும்பு பார்த்துச் சில வாரங்களே ஆன கண்ணுக்கு அது அந்நியமாகவே தெரியாது.

கரும்பு ஏன் என்று ஜெட்டியில் ஒரு பெரியவரைக் கேட்டேன். ஒரு காலத்தில் எதிரிகள் துரத்த, ஹொக்கியன் மக்கள் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார்களாம். வெளியே வந்த நாள் ஜேட் பேரரசரின் பிறந்தநாளான அந்த ஒன்பதாம் நாள். எந்த எதிரி, எந்த நூற்றாண்டு என்பது ஒவ்வொருவர் வாயிலும் மாறுகிறது. கரும்பும் ஒன்பதாம் நாளும் மட்டும் மாறுவதில்லை. பூசை முடிந்ததும் தங்கக் காகிதக் குவியலுக்குத் தீ வைத்து, கரும்பையும் அதிலேயே போட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் 2023. புத்தாண்டின் 15-ஆம் நாளை இங்கே ‘சாப் கோ மே’ என்போம், அது பௌர்ணமி இரவு. அந்த வருடம் அதுவும் தைப்பூசமும் ஒரே நாளில், பிப்ரவரி 5 அன்று வந்தன. முந்தின நாள் முருகனின் தேர் வரும் வழியெல்லாம் மலைபோல் தேங்காய். உடைத்தவர்களில் பெரும்பகுதி சீனர்கள். குடும்பம் குடும்பமாக வந்து வேண்டிக்கொண்டு உடைத்தார்கள். மறுநாள் காலை தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி. சாயங்காலம் கடற்கரையில் சீனப் பெண்கள் நல்ல கணவன் அமைய வேண்டும் என்று கடலில் ஆரஞ்சு வீசினார்கள். இரண்டுக்கும் நடுவில் தூங்க நேரமில்லை. இந்தத் தீவில் பிறந்ததற்கு நான் பெருமைப்பட்ட நாள்களில் அது ஒன்று.

ஈப்போ

பெயர் விஷயம் எழுதுகிறேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் கான்டனீஸ், எனக்கு அக்கா மாதிரி. அவருக்குப் பேரன் பிறந்தபோது, “எங்கள் வீட்டில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்போம்” என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அக்கா அதிர்ந்துபோனார். “அப்புறம் பிள்ளையைத் திட்டும்போது? தாத்தாவையே திட்டுவதாகாதா?”

அவர்கள் வழக்கத்தில் பெரியவர் பெயரில் உள்ள எழுத்தைக்கூடப் பிள்ளைக்கு எடுக்க மாட்டார்கள். அதுதான் மரியாதை. நான் அவருக்கு என் அம்மா கதையைச் சொன்னேன். அண்ணனுக்குத் தாத்தா பெயர்தான் வைத்திருக்கிறது. ஆனால் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று அம்மா கடைசிவரை அவனைத் ‘தம்பி’ என்றே கூப்பிட்டார். அக்கா, “அப்படியானால் உங்கள் அம்மா எங்கள் கட்சி” என்று சிரித்தார்.

பெயர் வைத்த விதமும் கேட்டேன். குடும்பப் பெயர் முதலில், அது மாறாது. நடு எழுத்து தலைமுறைக்கு உரியது. பழைய குடும்பங்களில் இதற்கென்றே முன்னோர் ஒரு கவிதை எழுதி வைத்திருப்பார்கள். ஒரு தலைமுறைக்கு ஓர் எழுத்து, அடுத்த தலைமுறைக்கு அடுத்த எழுத்து. முன்பின் தெரியாத உறவினரைச் சந்தித்தாலும் நடு எழுத்தை வைத்து அவர் சித்தப்பா முறையா அண்ணன் முறையா என்று சொல்லிவிடலாம். சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ சியன் லூங், அவர் தம்பி லீ சியன் யாங், இருவருக்கும் ‘சியன்’ பொது. மூத்தவர் பிறந்தது 1952 பிப்ரவரி 10, டிராகன் ஆண்டு. லூங் என்றால் டிராகன். இப்படிப் பிறந்த ஆண்டையே பெயருக்குள் வைப்பதும் உண்டு.

அக்காவின் மகன் தலைமுறை எழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறந்த வருடம், மாதம், நாள், மணி நான்கையும் சோதிடரிடம் கொடுத்து, அவர்களுடைய ஐம்பூதங்களில் பிள்ளைக்கு எது குறைகிறதோ அதற்கேற்ற எழுத்தை வாங்கி வந்தார்கள். குறைந்தது தண்ணீராம். நாம் நட்சத்திர எழுத்து பார்க்கிறோம், அவர்கள் இதைப் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ அந்தத் தலைமுறைக் கவிதை கைவிட்டுப் போவதுதான் வருத்தமாக இருக்கிறது. சோதிடரை எப்போதும் தேடிப் போகலாம். கவிதையை ஒரு தலைமுறை விட்டால் பிடிப்பது கஷ்டம்.

இன்னொன்று. டான், சான், சென் மூன்றும் ஒரே குடும்பப் பெயர்தான், ஒரே எழுத்து. ஹொக்கியனில், கான்டனீஸில், மாண்டரினில் சொல்கிற விதம் வேறு. அந்தக் காலக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் பதிந்தார்கள். கல்யாணம் ஆனாலும் பெண்கள் தங்கள் குடும்பப் பெயரை விடுவதில்லை என்பதும் எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும்.

ஜூரோங், சிங்கப்பூர்

லோ ஹெய் பற்றி யாரும் எழுதவில்லையே. ஏழாம் நாள் எல்லா மனிதருக்கும் பிறந்தநாள். அன்று பச்சை மீன் துண்டு, துருவிய காய்கறி, வேர்க்கடலை, எள், பிளம் சாறு எல்லாம் ஒரே தட்டில் போட்டு, சுற்றி நின்று வாழ்த்துச் சொல்லிக்கொண்டே சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கிப் போட வேண்டும். இப்போது பரிமாறும் வடிவத்தை 1964-ல் சிங்கப்பூரில் நான்கு சமையல் கலைஞர்கள் கொண்டுவந்தார்கள் என்பது இங்குள்ளவர்கள் சொல்வது. சிரம்பான்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தங்கள் ஊரில்தான் முதலில் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் சைவக்காரர்களுக்கு மீன் இல்லாமல் தனித் தட்டு வரும். இப்போதெல்லாம் புத்தாண்டு பிறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறார்கள். ஏழாம் நாளுக்காகக் காத்திருந்து செய்தால்தான் அதற்கு அழகு.

கிள்ளான்

மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அவர்களுடைய நாள்காட்டி. நானும் என் சீன நண்பரும் 1966-ல் பிறந்தவர்கள், பள்ளித் தோழர்கள். 2026 பிப்ரவரி 17 அன்று பிறந்தது நெருப்புக் குதிரை ஆண்டு, நண்பர் பிறந்ததும் அதே நெருப்புக் குதிரையில். நமக்குச் சித்திரையில் பிறந்தது பராபவ, நான் பிறந்ததும் பராபவ. இருவர் கணக்கும் 60 வருடத்தில் ஒரு சுற்று முடிவதால் இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்கின இடத்துக்கு வந்திருக்கிறோம். சொந்த ராசி ஆண்டு சோதனை நிறைந்தது என்று அவர் மகள் சிவப்பு இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். என் பிள்ளைகள் சஷ்டியப்தபூர்த்திக்குத் திருக்கடையூர் போக நாள் பார்க்கிறார்கள்.

அவர்கள் சுற்று எப்படி 60 ஆகிறது என்றால், மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் ஆண், பெண் என இரண்டிரண்டாகிப் பத்து. விலங்குகள் பன்னிரண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று நகர்த்திக்கொண்டே போனால் 60-ஆவது ஆண்டுக்குப் பிறகுதான் அதே ஜோடி திரும்ப வரும்.

இதைச் சந்திரப் புத்தாண்டு என்று சொல்வது பாதிதான் சரி. மாதம் சந்திரனுடையது, அமாவாசை நாளில் தொடங்கும். ஆனால் வருடத்தைப் பிடித்து வைத்திருப்பது சூரியன். டிசம்பர் 21 அல்லது 22-ல் வரும் ‘டோங்சி’, அதாவது பகல் மிகக் குறுகிய நாள், எந்த மாதத்தில் விழுகிறதோ அது 11-ஆம் மாதம். அதனால்தான் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையிலேயே வருகிறது. நம் வீட்டிலும் பொங்கல் சூரியன் கணக்கு, தீபாவளி சந்திரன் கணக்கு. அவர்களுக்கு டோங்சியும் கல்லறைக்குப் போகும் ‘சிங் மிங்’ நாளும் சூரியன் கணக்கு. சிங் மிங் ஏப்ரல் 4, 5 தாண்டாது.

அதிக மாதம்கூட உண்டு. சூரியனின் பாதையைப் பன்னிரண்டாகப் பிரித்து, எந்தச் சந்திர மாதத்தில் ஒரு புள்ளியையும் சூரியன் தொடவில்லையோ அதை உபரி என்று வைக்கிறார்கள். சங்கராந்தி இல்லாத மாதத்தைத் தெலுங்குப் பஞ்சாங்கம் அதிக மாதம் என்பது இதே விதிதான். 2023-ல் அவர்களுக்கு இரண்டாம் மாதம் இரண்டு முறை வந்தது, தெலுங்கர்களுக்குச் சிராவணம் இரண்டு முறை. அவர்கள் பருவத்தை வைத்து அளக்கிறார்கள், நாம் நட்சத்திரத்தை வைத்து அளக்கிறோம். அதனால் மாதம் ஒத்துப்போகவில்லை.

இதில் நண்பரின் பேத்திக்கு ஒரு சிக்கல். 2024 பிப்ரவரி 5-ல் பிறந்தாள். புத்தாண்டு பிப்ரவரி 10 என்பதால் பாட்டி கணக்கில் முயல். சோதிடரோ வசந்தம் தொடங்கும் பிப்ரவரி 4-லிருந்து ஆண்டை மாற்றுகிறவர், அதனால் டிராகன் என்றார். வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிறந்த உங்கள் பிள்ளைக்கு என்ன விலங்கு என்று யாராவது கேட்டால் வருடத்தை மட்டும் சொல்லாதீர்கள், முழுத் தேதியையும் சொல்லுங்கள்.

தோ பாயோ நண்பருக்கு ஒரு தகவல். 2027-ல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6, சனிக்கிழமை. தை அமாவாசையும் அன்றுதான். ஆண்ட்டி ஆரஞ்சோடு வரும்போது உங்கள் வீட்டில் மறுபடியும் படையல் இருக்கும்.